தீயணைப்பு அலைவரிசை

கெல்லிவில்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டுப்பக்கம் போன கோடையில் புகை கிளம்பியபோது, தீயணைப்பு வீரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க ஒரு ரேடியோ ஸ்கேனர் வாங்கினேன். எனக்கு அதில் இரைச்சல்தான் வந்தது. சரிசெய்து தர, பக்கத்து ஊரான டூங்கபியிலிருந்து நண்பரின் நண்பரான இலங்கைத் தமிழ்ப் பெரியவர் ஒருவர் வந்தார். மூக்கில் ஒரு கண்ணாடியும், மறந்துபோய் நெற்றியில் இன்னொன்றும் வைத்திருந்தார். லேப்டாப்பில் இணைத்து, எங்கள் வட்டாரத்துத் தீயணைப்பு அலைவரிசைகளைப் பொறுமையாக ஏற்றினார்.

பெட்டி பேசத் தொடங்கியது. அவரும் பேசத் தொடங்கினார். நாம் சொல்வது எதுவும் அதன் வழியே போகாது என்று தெரிந்தும், ஒவ்வொரு வண்டி தகவல் சொன்னபோதும், "ஓம் தம்பி, கவனம்" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மாலையில் காற்று திசை மாறியது. எங்கள் தெருவுக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள்.

"அப்பாடா, தப்பிச்சோம் அங்கிள். காபி போடுறேன்" என்று ஸ்கேனரை அணைக்கப் போனேன்.

அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"பொறுங்கோ. நாங்கள் தப்பிட்டம். போன பிள்ளையள் இன்னும் திரும்பேல்லை."

கடைசி வண்டி நிலையத்துக்கு வந்துவிட்டதாகச் சொல்லும்வரை அவர் காபியைத் தொடவில்லை. சொன்னதும், "ஓம் ராசா, போய்ப் படு" என்று அவரே ஸ்கேனரை அணைத்தார். யாருக்காக இப்படிக் காத்திருந்து பழகினாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

தீ எங்கே என்று கேட்கத்தான் அதை வாங்கினேன். இந்தக் கோடையில், எந்த வண்டி இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.