நாலாம் நாள் ரத்தம்

தாராவி நெல்லைக்காரர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் டாக்டரைத் தேட மாட்டார்கள். பிரம்மநாயகத்தைத் தேடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், லேபுக்காக வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவர் அவர். "நம்ம ஆளு உள்ள இருக்காரு" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், மனுஷனுக்குத் தலைகால் புரியாது. வரிசையில் முந்த விடுவார், ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கித் தருவார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது பொல்லாதது. தப்பு செய்கிறவனுக்காவது கொஞ்சம் பயம் இருக்கும்.

எண்பத்தாறில், பக்கத்து வீட்டில் தோல்பை தைக்கிற ஷேக் பரீத்துக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்தது. கெட்ட பாகத்தை அறுத்தெடுத்து, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். தினமும் ரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ணச் சொன்னார் டாக்டரம்மா. உள்ளே தையல் கசிந்தால் அந்த எண்ணிக்கை ஏறும், வயிறு காட்டுவதற்கு முன்பே ரத்தம் சொல்லிவிடும் என்று பிரம்மநாயகத்துக்கு நிறுத்தி நிதானமாக விளக்கியும் இருந்தார். அதனால் தெரியாமல் செய்தார் என்று சொல்வதற்கில்லை.

முதல் நாள் பதினாலாயிரம். அடுத்த நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் பதினொன்று. எல்லாருக்கும் சந்தோஷம்.

நாலாம் நாள் காலையில் பரீத்தின் கைகள் இரண்டும் கன்றிக் கறுத்திருந்தன. நரம்பு பிடிபடவில்லை. இரண்டு தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை. மூன்றாவதாக ஊசியைக் கொண்டுபோனபோது, பரீத்தின் மனைவி மர்யம் குறுக்கே தன் கையை வைத்துவிட்டாள்.

"போதும் தம்பி. இன்னும் எங்க இருக்கு அவுக ஒடம்புல ரத்தம்? நாலு நாளா உறிஞ்சி எடுக்காங்க. நீங்களுமா?"

"டாக்டரம்மா கேப்பாகளே மைனி."

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுருங்க. நம்ம ஆளுதானே நீங்க."

அந்தச் சொல்லில் விழுந்தார் பிரம்மநாயகம். மாடிப்படிக்குப் பின்னால் போய், ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பல்லால் கவ்வித் தன் கையிலேயே இறுகக் கட்டிக்கொண்டு, தன் ரத்தத்தை எடுத்தார். குப்பியில் ஷேக் பரீத் என்று எழுதினார். மூன்று நாளாக இறங்கியது இன்றைக்கு மட்டும் ஏறிவிடவா போகிறது?

ஏழாயிரம் என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா முகம் மலர்ந்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுக்கலாம் என்றார். அன்று மாலை பிரம்மநாயகம் கிங்ஸ் சர்க்கிளில் இரண்டு வடை தின்றுவிட்டு ஆற அமர நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் பரீத் தூக்கிப்போடும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மர்யம் தடுக்கவில்லை. எண்ணிக்கை இருபத்திரண்டாயிரம்.

"ஒரே நாளில் ஏழிலிருந்து இருபத்திரண்டா? லேபில் ஏதோ தப்பு. மறுபடி எடு" என்று இந்தியில் சொன்னார் டாக்டரம்மா.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடுமே, தாராவி காறித் துப்புமே என்ற பயம். மறுபடியும் எடுத்தார். மறுபடியும் அதே எண்ணிக்கை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் போய் உண்மையைச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை, ஓடினார். வயிற்றைத் திறந்தபோது உள்ளே தையல் விட்டுப்போயிருந்தது. எட்டாம் நாள் பரீத் மௌத்தாகிவிட்டார்.

"ஒரு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார் பிரம்மநாயகம்.

"சொல்ல முடியாது."

பிழைத்திருக்க மாட்டார் என்றிருந்தால் தூக்கம் வந்திருக்கும். பிழைத்திருப்பார் என்றிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பார். அவரைக் குப்பி கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். அது ஒரு தண்டனையாகவே அவருக்குத் தோன்றவில்லை.

மர்யம் இத்தா இருந்தாள். புருஷன் போன பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியாள் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. துக்கம் கேட்க வரும் பெண்களிடமெல்லாம் அவள், "பிரம்மநாயகம் தம்பிக்குத்தான் எரக்கம் இருந்துச்சு. ஒரு நாளாவது அவுகள நோகாம விட்டாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் அதை வந்து இவரிடம் சொன்னார்கள். திட்டைத் தாங்கலாம், அந்தப் புகழை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனார். குறுக்கே கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். திரையைப் பார்த்தபடி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மண்ணை வாரித் தூற்றட்டும், நாசமாகப் போ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தார். மனசு லேசாகிக்கூட வந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து மர்யம் கேட்டாள்.

"நான் கைய வெக்கலேன்னா, நீங்க அன்னைக்குக் குத்தி எடுத்திருப்பீக, இல்லையா தம்பி?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா மைனி" என்றுவிட்டார். திரைக்குப் பின்னால் மர்யம் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.