பழசு என்று சொல்லிக் கொடுத்த சேலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டே பல வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும், "இந்த வருஷம் எழுதிருதேன் முருகா" என்பேன். தைப்பூசம் வந்துவிடும், நோட்டு அப்படியே கிடக்கும். மூன்று தடவை ஆரம்பித்தும் இருக்கிறேன். மூன்று தடவையும் இரண்டாம் பக்கம் வருவதற்குள் என்னை அறியாமலே என்னை நல்லவளாக எழுதிவிட்டிருந்தேன். கிழித்துப் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை பொய் இருக்காது.

நாங்கள் புனேவுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். விஷ்ராந்த்வாடியில் மூன்று மாடிக் கட்டடம், அதில் முதல் மாடி. மகளுக்கு அப்போது நாலு வயது. வந்த முதல் வாரம் தெருவில் ஒரு பெண், "பாண்டீ... ஏ பாண்டீ..." என்று நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். திருநெல்வேலிக்காரிக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? நம்ம ஊர் ஆள் யாரோ இருக்கிறார் என்று பால்கனிக்கு ஓடி, "எந்தப் பாண்டி, அம்மா? எந்த வீட்டுல இருக்காரு?" என்று கத்தினேன். கீழே நின்றவள் தலையில் கூடை நிறைய எவர்சில்வர் பாத்திரம். மராத்தியில் பாண்டி என்றால் பாத்திரமாம். பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிறவள் அவள். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தார். "ஏய், ஒன் சொக்காரன் பாண்டி தெருவுல நிக்கான், போய் ஒரு வாய் காப்பி குடு."

அந்தப் பாத்திரக்காரியிடம்தான் என் கல்யாணத்தை ஒட்டி வாங்கிய துணியெல்லாம் போயிற்று. பூப்போட்ட நைலக்ஸ் சேலைகள், பஃப் கை வைத்த ஜாக்கெட்டுகள், அவருடைய பெல்பாட்டம் பேண்டுகள். ஒரு தூக்குவாளி, இரண்டு சம்படம், ஒரு இட்லிப் பானை வந்தன. பழசைக் கழித்தால் வீட்டுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். ஒரு துணிக்காகவும் நான் வருத்தப்பட்டதில்லை.

பாட்டும் அப்படித்தான். எங்கள் டேப்ரிக்கார்டரில் காலையில் கவசம், வெள்ளிக்கிழமை அம்மன் பாட்டு, அதோடு சரி. ஆனால் தோசை சுடும்போது கன்னி வயதில் ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் தானாக வாயில் வரும். சரணம் உட்பட எனக்கு எல்லாம் மனப்பாடம். மகள் வளர வளர அதற்கும் தடை வந்துவிட்டது. "மம்மி, ப்ளீஸ், அந்தப் புரானா பாட்டை பந்த் பண்ணு. ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்க." நிறுத்திவிடுவேன். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம்.

இப்படி இருக்கையில், மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு, எங்களுக்கு மேல் மாடிக்கு ஒரு பெண் குடிவந்தாள். கோயம்புத்தூர்க்காரி, கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, முப்பது வயதுக்குள் இருக்கும். தனியாக இருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை கையில் லட்டுடன் கதவைத் தட்டினாள். நான் அசந்துபோனேன். பூப்போட்ட நைலக்ஸ் சேலை, பஃப் கை ஜாக்கெட், காதில் பெரிய வளையம், பின்னலில் ரிப்பன். எனக்குக் கல்யாணமான வருஷத்தில் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய் நின்ற கோலம்.

"என்னம்மா, பழைய துணியா கட்டியிருக்க?" என்று பாவப்பட்டுக் கேட்டேன். சம்பளம் போதவில்லையோ என்று நினைத்தேன்.

"ஆமாங்க்கா, இதுதானுங்க்கா இப்ப ஃபேஷன்," என்றாள்.

என் பின்னால் நின்ற மகள், "வாவ் அக்கா, டோட்டல் ரெட்ரோ!" என்று கையைத் தட்டினாள்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். என்னிடம் இருந்தால் பழசு. அவளிடம் இருந்தால் ரெட்ரோ.

அந்தப் பெண் ஒரு ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தாள். ஜூனா பஜாரில் பழைய சாமான் விற்கிறவனிடம் வாங்கியது. சாயங்காலம் அதில் பாட்டு சுழலும். என்னென்ன பாட்டு என்றால், நான் தோசைக்கல்லின் முன்னால் பாடி, என் மகள் நிறுத்தச் சொன்ன அதே பாட்டுகள். அதைக் கேட்க என் மகள் கல்லூரி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். கீழே என் கையில் காப்பி ஆறும். "மம்மி, அக்கா வீட்ல குடிச்சுட்டேன்" என்பாள் திரும்பி வந்து. என் சமையலறைக்கு மேலேதான் அந்தப் பெண்ணின் கூடம். பாட்டும் கேட்கும், இருவர் சிரிப்பும் கேட்கும்.

பொறாமை என்றால் மனசில் வரும் என்பார்கள். எனக்கு வயிற்றில் வந்தது. பச்சை மிளகாயைக் கடித்து முழுங்கின மாதிரி. மாலை விளக்கேற்றும்போதுகூட என் காது மாடியில்தான் இருந்தது. முருகன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அடுத்தவள் சிரிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் நல்ல பெண் என்பதுதான் இன்னும் எரிச்சல். ஒரு குறை சொல்ல முடியவில்லை. "தலையில ரிப்பனப் பாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ள கணக்கா," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நீயும் அப்படித்தான கட்டுவ? நல்லாத்தான் இருந்த," என்று சொல்லிவிட்டு ரஞ்சன்காவில் இருக்கிற தன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவருக்காவது ஞாபகம் இருந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். நான் அழுதேன். எனக்கு அது மகள் வாயிலிருந்து வரவேண்டியிருந்தது.

பிறகு மகளின் கல்லூரியில் ரெட்ரோ டே வந்தது. எல்லோரும் அந்தக் காலத்து உடையில் போகவேண்டுமாம். மகள் என் பீரோவைக் கலைத்துப் போட்டாள்.

"மம்மி, உங்கிட்ட அந்த மாதிரி ஒண்ணுமே இல்லையா?"

"இருந்துச்சு ட்டி. எல்லாம் பாத்திரக்காரிட்ட போயிட்டு."

"ஒரு இட்லிப் பானைக்காகவா? கமால் பண்ணிட்ட மம்மி!" பெரிய சாதனை என்று கேலி.

மாடிக்குப் போனாள். மஞ்சளில் கருப்புப் புள்ளி போட்ட ஒரு நைலக்ஸ் சேலையோடு வந்தாள். அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள், மகளுக்குக் கட்டிவிட.

"இது எங்கம்மாதுங்க்கா," என்றாள் மடிப்பை விரித்தபடி. "நான் ஏழாவது படிக்கும்போது அவங்க போயிட்டாங்க. இந்தச் சேலையும் நாலஞ்சு ரெக்கார்டும்தான் எங்கிட்ட இருக்கு. அந்தப் பாட்டு ஓடுனா அவங்க சமையக்கட்டுல நிக்கற மாதிரியே இருக்குங்க்கா. அதான் இந்தக் கிறுக்கு."

இதை நான் காதால் கேட்டேன். அந்தச் சேலை அவளுக்கு என்ன என்று தெரிந்தேதான் மற்றதெல்லாம் நடந்தது. இதைத்தான் முன்பு கிழித்த பக்கங்களில் விட்டுவிட்டிருந்தேன்.

சேலை கட்டி முடித்து என் மகள் கண்ணாடி முன் நின்றாள். இருபது வயதில் நான் எப்படி இருந்தேனோ அப்படியே. அதே கழுத்து, அதே நெற்றி. முந்தானையைப் பிடித்த விரல்கூட என் விரல். என்னை மறந்து, "எங்கிட்டயும் நீலப் பூப்போட்டது ஒண்ணு இருந்துச்சு. என்னையே பாத்த மாதிரி இருக்கு ட்டி," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நீயா மம்மி? நீ எப்ப இப்படியெல்லாம் இருந்த? நீ சாமி ரூம்ல இருந்து நேரா வந்தவ." பிறகு அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து, கண்ணாடியைக் காட்டிக் கேட்டாள். "அக்கா, நான் உங்கள மாதிரியே இல்ல?"

மறுநாள் கல்லூரிக்குப் போய்விட்டு வந்து, சேலையை அலசிப் பால்கனியில் காயப்போட்டாள். அதற்கு அடுத்த நாள் பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, தெருவில் குரல் கேட்டது. பாண்டீ.

நான் கூப்பிட்டேன். பழைய பேண்டு ஒன்று, கிழிந்த பெட்ஷீட் ஒன்று எடுத்தேன். கொடியிலிருந்து அந்தச் சேலையையும் எடுத்தேன். கை தவறி வரவில்லை. இரண்டு கிளிப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

பாத்திரக்காரி அதை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "தாயி, ஹீ சாங்க்லி ஆஹே கீ," என்றாள். இது நன்றாக இருக்கிறதே, கொடுக்கிறாயா என்று பொருள். அவளுக்கு இருந்த யோசனை எனக்கு இல்லை.

"ஜூனீ ஆஹே," என்றேன். பழசு.

மூடி போட்ட ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தியதும் வயிற்றில் அந்த எரிச்சல் அடங்கியது. அரை மணி நேரம் இருக்கும். அதன் பிறகு, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினேன். அவள் எந்தச் சந்தில் திரும்பினாளோ, காணவில்லை.

சாயங்காலம் மகள் கொடியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "பழைய துணி மூட்டையோட தெரியாம போயிட்டும்மா," என்றேன். என் வாய் அதைச் சொன்ன வேகத்தை நானே நம்பவில்லை. மகள் அழுதுகொண்டே மாடிக்குப் போனாள். அந்தப் பெண் இறங்கி வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெரியாம நடந்ததுக்கு என்னங்க்கா பண்றது. நீங்க அழாதீங்க," என்றாள்.

அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பழைய துணி எல்லாம் கடைசியில் ஜூனா பஜாருக்குத்தான் வரும் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தேடப் போனார்கள். அதற்கு அடுத்ததும் போனார்கள். சேலை கிடைக்கவில்லை. ஆனால் தலையெல்லாம் தூசியோடு, கையில் ஏதாவது பழைய ரெக்கார்டோடு சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். பிரிக்க நினைத்துச் செய்தேன். நானே முடிச்சுப் போட்டுக் கொடுத்தது போல ஆயிற்று.

மூன்றாவது ஞாயிறு நானும் கிளம்பினேன். தரையில் மலை மலையாகத் துணி. நானும் குனிந்து புரட்டினேன். கிடைக்க வேண்டும் முருகா என்று ஒரு குவியலில் வேண்டினேன். கிடைத்தால் இவர்கள் இன்னும் ஒட்டிக்கொள்வார்களே, கிடைக்கக் கூடாது என்று அடுத்த குவியலில் வேண்டினேன். அவ்வளவு கேவலமாக நான் ஒருநாளும் சாமி கும்பிட்டதில்லை.

அப்போது அந்தப் பெண் ஓடி வந்தாள். கையில் ஒரு நைலக்ஸ் சேலை. அவள் அம்மாவுடையது இல்லை. நீலத்தில் வெள்ளைப் பூ.

"அக்கா, உங்ககிட்ட நீலப் பூப்போட்டது இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? இது உங்களுக்கு. வேண்டாம்னு சொல்லக் கூடாதுங்க்கா."

தன்னுடையதைத் தேடி வந்த இடத்தில் எனக்கு வாங்கினாள். மகள் அதைப் பறித்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் தோளில் போட்டாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். கண் விரிந்தது.

"மம்மி... நீ இப்படித்தான் இருந்தியா? அரே, நான் உன்ன மாதிரியேதான இருக்கேன்! அக்கா, பாருங்களேன்!"

எதற்காக அந்தப் பாவத்தைச் செய்தேனோ, அது அந்த நிமிஷம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அந்தக் காலத்தில் ஜாக்கெட் எங்கே தைத்தேன், ரேடியோவில் எத்தனை மணிக்குப் பாட்டு போடுவார்கள் என்றெல்லாம் கேட்டாள். ஒரு பாட்டைப் பாடச் சொன்னாள். பாடினேன். முன் சீட்டில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்துத் தாளம் போட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மகள் கையை எடுத்துவிடுவாள் என்று பயந்தேன். என் கையின் மேல் இருந்த அந்தக் கைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பெண் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நல்லா இரும்மா" என்று மட்டும்தான் வந்தது. மூட்டை கட்டியபோது அந்த ரெக்கார்டு பிளேயரை என் மகளுக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தக் கதையைச் சொல்வாள். "எங்க மம்மி அவ்ளோ போலீ. அக்காவோட சேலைன்னே தெரியாம பாத்திரக்காரிக்குத் தூக்கிக் குடுத்துட்டா!" போலீ என்றால் இந்தியில் வெகுளி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் சம்பந்தியம்மா அதையே கோயிலில் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். வெகுளி என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், அந்த இரண்டு கிளிப்பைக் கழற்றினது என் விரலில் தெரியும்.

மகளிடம் நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது கேட்டுவிடுவேன், சாப்பிட்டியா, பிள்ளை தூங்கிட்டானா என்று. அதனால்தான் எழுதினேன். தமிழில்தான் எனக்கு எழுத வரும். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. அவள் பக்கத்திலேயே வைத்தாலும் இந்த நோட்டு அவளிடம் வாய் திறக்காது. இதுவும் என் கோழைத்தனமா என்று தெரியவில்லை, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

ஆகையால் இதைப் படிக்கிற தாய்மார்களே, அய்யாமார்களே, உங்களில் ஒருவர் வழியாகத்தான் இது அவளிடம் போய்ச் சேர வேண்டும். வாசித்துக் காட்டும்போது என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லைக்கூட மாற்றிவிடாதீர்கள். "தெரியாமல்" என்று எந்த இடத்திலும் சேர்க்காதீர்கள். தெரிந்தே கொடுத்தேன். அப்படியே சொல்லுங்கள்.