மின்னி பேயில் ஒரு சீனத் தோட்டம்

சீனத் தோட்டக் கலையில் என் மாமாவை மிஞ்சிய நிபுணர் அந்தமானிலேயே கிடையாது. காரணம், அவர் அப்படியொரு தோட்டத்தை ஒரே ஒரு பிற்பகல் நேரில் பார்த்திருந்தார். மற்றவர்கள் அதுவும் பார்த்ததில்லை. மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. சீனாவில் ஏதோ துறைமுகத்தில் கப்பல் பழுதுக்கு நின்றபோது, அந்தக் காலத்துப் பெரிய அதிகாரி ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த தோட்டத்தைச் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார். விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே, அதே மாதிரி ஒன்றை எங்கள் கொல்லையில் கட்டப்போவதாக அறிவித்தார்.

மின்னி பே கரையில் எங்கள் கொல்லை, நாற்பது எட்டு நடந்தால் முடிந்துவிடும். அதற்கப்பால் கடல். அந்தக் கொல்லைக் கதவைத் திறக்காத ஒருவர் வீட்டில் இருந்தார், என் பெரியம்மா. தெற்கே ஹட் பே ஊரில் அவருடைய வீட்டையும் பெரியப்பாவையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. எங்களோடு வந்து தங்கிய இரண்டு வருஷத்தில் அவர் ஒருநாள்கூடக் கடல் பக்கம் திரும்பவில்லை. துணி முன்வாசலில்தான் காய்ந்தது, மீனும் முன்வாசலில்தான் கழுவப்பட்டது. ஜன்னல் இல்லாத நடு அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆளே பாதியாகிவிட்டார். அம்மா கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். தீவில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் ஒருத்தி எத்தனை காலம் உயிரோடு இருப்பாள் என்று அப்பாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா முதல் வேலையாக, கொல்லைக் கதவுக்கு நேர் எதிரே ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பினார். வேலைக்கு வந்த ராஞ்சிக்காரக் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அரே பாய், சமுந்தர் கே சாம்னே தீவார்?" என்றார். கடலுக்கு முன்னால் சுவரா என்று அப்பாவும் அதையே தமிழில் கேட்டார், கொஞ்சம் காரமாக.

"சீனாக்காரன் எதையும் ஒரே அடியா காட்ட மாட்டான் மச்சான். கொஞ்சம் காட்டுவான், மறைப்பான், மறுபடி காட்டுவான். நடக்க நடக்கத்தான் தெரியணும். அதான் டிசைனு."

சுவரைச் சுற்றி இடது பக்கம் திரும்பினால் ஒரு குட்டித் தொட்டி, அல்லி, நாலு மீன். அங்கிருந்து பாதை வலது பக்கம் ஒடியும். அங்கே இன்னொரு சுவர், அதில் விசிறி வடிவத்தில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் கடல் தெரியாது, எதிர்க்கரை மலையின் உச்சி மட்டும் தெரியும். நம்முடையதில்லாத மலையைத் தோட்டத்துக்கு இரவல் வாங்குவதுதான் சாமர்த்தியம் என்றார் மாமா. கடைசியில் முழு நிலா மாதிரி வட்டமாக ஒரு வாசல். அதற்குள் கடல்.

ஓட்டை ஓட்டையான பாறை இல்லாவிட்டால் அது சீனத் தோட்டமே இல்லையாம். கரையில் கிடக்கும் பவளப்பாறை அதற்குப் பொருத்தம்தான், ஆனால் அதைத் தொட்டால் வனத்துறை ஆளையே அள்ளிக்கொண்டு போகும். ஆகவே மாமா சிமெண்டைக் குவித்து, ஈரத்தோடு உரிக்காத தேங்காய்களைச் செருகினார். காய்ந்ததும் பிடுங்கினால் ஓட்டை தயார் என்பது கணக்கு. காய்ந்தபின் ஒன்றுகூட அசையவில்லை. கொத்தனார் சிரித்துக்கொண்டே இரண்டு நாள் உளியால் கொத்தி எடுத்தார். கொத்தாமல் விட்டுப்போன ஒன்று மழையில் முளைவிட்டது. அதுவும் டிசைன்தான் என்று மாமா கூசாமல் சொன்னார்.

ஒருநாள் காலை பெரியம்மா கொல்லைக் கதவைத் திறந்தார். எதிரே வெறும் சுவர்தானே. மறுநாள் தொட்டி மீனுக்குப் பொரி போட்டார். அடுத்த வாரம் விசிறி ஜன்னலில் நின்று மலையைப் பார்த்தார். அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் பதவியை நானே எடுத்துக்கொண்டு, பெரியம்மாவின் கூடவே அலைந்தேன்.

இன்னும் பத்து எட்டுதான் பாக்கி. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கண்ண மூடிக்கங்க பெரியம்மா, ஒண்ணு காட்டுறேன்" என்று கையைப் பிடித்து வட்ட வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். என்னை நம்பி வந்தார். "இப்ப தொறங்க" என்றேன். கடல் ஏறிவரும் நேரம், தண்ணீர் கரையில் வந்து மோதிக்கொண்டிருந்தது. பெரியம்மா என் கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் மாமாவும் தாங்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

மாமா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஒம்மேல தப்பு இல்லடி. டிசைன்ல ஒரு வளைவு கொறையுது" என்றார். விடுமுறையில் நாலு நாள்தான் மிச்சம். வட்ட வாசலுக்கு முன்னால் இன்னொரு சிறிய சுவரை அவர் கட்ட, நான் செங்கல் சுமந்தேன். கட்டி முடித்ததும் ஒரு கட்டளையும் போட்டார்: பெரியம்மா கொல்லைக்குப் போனால் நான் மட்டுமல்ல, ஒருத்தரும் அடுப்படியைத் தாண்டக் கூடாது. பதவி பறிபோன ஆத்திரத்தில், அவர் மெயின்லேண்டுக்குக் கிளம்பிய அன்று நான் டாட்டா காட்டவில்லை.

கதவு மறுபடி திறக்க ஒரு மாதம் ஆயிற்று. அதன்பின் பெரியம்மா தினமும் போனார், வந்தார். கதவில் நின்று எட்டிப் பார்த்தால் எனக்கு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. மழைக்காலம் முடியும்போது ஒருநாள் போனவர் வெகுநேரம் வரவில்லை. ஓடப்போன என்னை அம்மா சடையைப் பிடித்து நிறுத்தினாள். பெரியம்மா திரும்பி வந்தபோது சேலையின் அடி முழங்கால்வரை நனைந்திருந்தது, கணுக்காலில் மணல் ஒட்டியிருந்தது. "மத்தியானத்துக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டார்.

கடலை அவரிடமிருந்து மறைக்கத்தான் மாமா அத்தனை சுவர் வைத்தார் என்று வெகுகாலம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். எத்தனை நாள் அவர் எந்த வளைவுவரை போய், முடியாமல் திரும்பி வந்தார் என்பது எங்கள் யாருக்கும் இன்றுவரை தெரியாது. எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவும்தான் அந்தச் சுவர்கள் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.