உல்லாசச் சாலையில் இரண்டு பன்றிகள்

சைகோனில் சைக்கிள் ஓட்டுகிற நம்மவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கத்தினா வீதியில் மோட்டார்காரன் வைத்ததுதான் சட்டம். பின்னால் வந்து காதைக் கிழிப்பான். ஒதுங்கினால் ரிக்‌ஷாக்காரன் மேல் விழ வேண்டும், ஒதுங்காவிட்டால் ஆஸ்பத்திரி. கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, தினமும் பாலத்தைத் தாண்டி முழுசாக வேலைக்குப் போய்ச் சேர்வதே பெரிய காரியம். பியென் ஹோவாவுக்கு அப்பால் ஒரு காட்டுப் பூங்காவில் மோட்டாரே நுழையாத சரளைச் சாலை போட்டிருக்கிறார்கள் என்று கிடங்கில் பேச்சு வந்ததும், போன ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன். மழை ஓய்ந்து மண் காய்ந்திருக்கிறது. இந்த நாட்டு அன்னாமியர்களின் தெத் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நம் சைக்கிள் சங்கப் பத்திரிகைக்கு இனிப்பாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று நினைத்துத்தான் போனேன். இனிப்பு எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

துணைக்கு நாச்சியப்பன். செட்டியார் கடை ஒன்றில் வேலை பார்ப்பவர், தேவகோட்டைப் பக்கம். முட்டை சேர்த்த ரொட்டி என்று தெரிந்தால்கூடத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி அவர் சைக்கிள் ஓட்டும் அழகைப் பார்க்கவே பியென் ஹோவா ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியது.

நான் மாதா கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு வந்ததால் ஐந்து நாற்பது ரயிலைப் பிடிக்க முடிந்தது. மூன்றாம் வகுப்பு போதும். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் சாமான் ஏற்றும் பிரேக் வண்டியில் மீன் கூடைக்கு அடியில்தான் போடுவான். நான் போட்ட சத்தத்துக்கு மீன் கூடை ஒரு சாண் நகர்ந்தது. ஏழு மணிக்கு பியென் ஹோவா. அங்கிருந்து பெருஞ்சாலையில் ஒன்பது கிலோமீட்டர், முழுக்க மரம் ஏற்றிய லாரிகள். எட்டேகாலுக்குப் பூங்காவின் வாசல் போய்ச் சேர்ந்தோம். மூங்கில் தடுப்பு, ஒரு காவலாளி, ஒரு பெரிய பலகை. மோட்டார், மாட்டுவண்டி, தோளில் சுமை தூக்கி வருபவர்கள் யாருக்கும் அனுமதி இல்லை, நடப்பவர்களும் சைக்கிள்களும் போகலாம் என்று பிரெஞ்சிலும் அன்னாமிய மொழியிலும் எழுதியிருந்தது. காவலாளி எங்களைப் பார்த்ததும் தடுப்பைத் தூக்கிவிட்டான்.

சாலையைக் குறை சொல்லக் கூடாது. மொத்தம் பதினொரு கிலோமீட்டர். சிவந்த சரளையை அழுத்தமாக இடித்துப் போட்டிருக்கிறார்கள். டயர் நறநறவென்று போகிறதே தவிர வழுக்கவில்லை. இரண்டு பக்கமும் தூண் மாதிரி நெட்டையான, பிசின் எண்ணெய் வடிக்கிற காட்டு மரங்கள். எங்கேயோ குரங்குகள் கூவின. ஐந்தாவது கிலோமீட்டரில் ஓடை. தண்ணீர் நல்ல குளிர்ச்சி. எதிரே ஒரு ஆள் வரவில்லை. ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இப்படி மூச்சு விட்டதில்லை என்று நாச்சியப்பனிடம் சொன்னேன்.

ஒன்பதரைக்கு மறுமுனை வாசல். அதை ஒட்டி ஒரு கிராமம். திரும்பலாம் என்று சைக்கிளைத் திருப்பும்போதுதான் அழுகைக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரு குரல் கேட்டது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி. தோள் கம்பின் இரண்டு முனையிலும் மூங்கில் கூடை, கூடைக்கு ஒன்றாக இளம் பன்றி. பட்டைத் துணியைக் காலில் சுற்றிய காவலாளி குறுக்கே நின்றான். அவளை அந்தத் தெருவில் நாலாவது அக்கா என்கிறார்கள். அங்கே பிறந்த வரிசைதான் பெயர். எங்களைப் பார்த்ததும் அவள் அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஏழாம் அண்ணே, நீங்களாவது இவன்கிட்டச் சொல்லுங்க.”

இந்த ஊர்க்காரர்களுக்குச் சீனன் மூன்றாம் அண்ணன், தமிழன் ஏழாம் அண்ணன். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவள் சொன்னது இவ்வளவுதான்: பன்றி வாங்கும் லாரி ஞாயிறுதோறும் பெருஞ்சாலை வாசலுக்கு வந்து பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். இந்தச் சாலை போட்ட பிறகு கிராமத்தார் காட்டைச் சுற்றி இருபத்து நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு விடிவதற்கு முன்பே மூன்று பன்றியோடு கிளம்பியும் லாரி போய்விட்டது, வெயிலில் ஒரு பன்றி செத்துவிட்டது. மிச்சம் இந்த இரண்டுதான். இவற்றை விற்றால்தான் வீட்டில் தெத்.

“முன்னாடி இது எங்க வண்டிப் பாதை. இந்தக் கல்லு பூரா நாங்கதான் உடைச்சுப் போட்டோம், ரெண்டு கோடை. கூலி கிடையாது, கட்டாய வேலை. போட்டு முடிச்ச மறுநாள் பலகையை நட்டுட்டாங்க.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. காலையிலிருந்து நான் ரசித்த அமைதி என்ன அமைதி? இவர்களைத் துரத்திவிட்டு உண்டாக்கியது! எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டிக் காவலாளியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவனோ குல்லாயைக் கழற்றி, துரையை அழைக்கிற மாதிரி ‘முசியே’ என்றான்.

“நீங்க தாராளமாப் போகலாம், முசியே. சட்டம் இவங்களுக்குத்தான்.”

காரைக்காலில் பிறந்த எனக்கு வழி. அந்தக் காட்டோரம் பிறந்து, அந்தக் கல்லையும் உடைத்தவளுக்கு வழியில்லை. அந்த மரியாதை எனக்குச் செருப்படியாக இருந்தது.

இதற்குள் நாச்சியப்பன் இந்த வாசலிலும் இருந்த பலகையை நிதானமாகப் படித்துவிட்டு வந்தார். “ஏன்யா சவரி, சும்மா கத்தி என்னங்கிறேன்? சைக்கிள் போகலாம்னு போட்டிருக்கு. கேரியர்ல என்ன வைக்கக் கூடாதுன்னு ஒண்ணும் போடலையே.”

“கேரியர்ல பன்னிய வைக்கணும், செட்டியாரே.”

அவர் கூடையைப் பார்த்தார். பன்றியும் அவரைப் பார்த்தது. “முருகா, என்னைய என்ன பாடு படுத்துறே,” என்று சொல்லிக்கொண்டே மேல்துண்டை உருவிக் கயிறாக முறுக்கினார்.

ஆளுக்கு ஒரு கூடையைக் கேரியரில் குறுக்காக வைத்துக் கட்டினோம். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. காவலாளி திகைத்துப்போய், “இது யார் பன்றி?” என்றான். என்னுடையது என்றேன். நாச்சியப்பனிடம் திரும்பினான். ஏழு தலைமுறை சைவம். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“ஆமாய்யா. என் பன்னிதான்.”

நாலாவது அக்கா கம்பை வேலியில் சாத்திவிட்டு, கையை வீசிக்கொண்டு நடந்து உள்ளே வந்தாள். நடப்பவர்களுக்குத்தான் அனுமதி உண்டே.

பன்றியோடு ஏறி ஓட்ட முடியாது; பத்தடியில் சாய்ந்தேன். தள்ளிக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஓடையில் நாலாவது அக்கா தன் தலைத்துணியை நனைத்துப் பன்றிகள் மேல் போர்த்தினாள். பாதி வழி தாண்டியதும், மோட்டாரே நுழையாத அந்தச் சாலையில், பின்னாலிருந்து ஹாரன். திறந்த மோட்டாரில் நான்கு ஐரோப்பியர்கள், துப்பாக்கிகள், சாப்பாட்டுக் கூடை. ஒதுங்கும்படி கையை ஆட்டினார் ஓட்டியவர். நான் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, பலகை பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“பலகையை வைத்ததே நான்தான்,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

நாலாவது அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணே, லாரி, லாரி.” பள்ளத்தில் இறங்கி வழிவிட்டோம். செம்புழுதி அடங்கியபோது நாச்சியப்பன் வேட்டிக்கும் பன்றிக்கும் ஒரே நிறம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்க லாரியைப் பிடித்தோம். இரண்டு பன்றியும் உயிரோடு ஏறின. நாலாவது அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

“அடுத்த ஞாயிறுதான் தெத்துக்கு முன்னாடி கடைசி லாரி. எங்க தெருவுல இன்னும் எட்டுப் பன்னி நிக்குது. ஏழாம் அண்ணன்மாருங்க எத்தனை பேர் இருக்கீங்க?”

நான் நாச்சியப்பனைப் பார்த்தேன். “கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி ஆத்துல முங்கணும், அவ்வளவுதானே,” என்றார் அவர்.

ஆகவே, வரும் ஞாயிறு போக நினைப்பவர்களுக்கு: அதே ஐந்து நாற்பது ரயில்தான். பியென் ஹோவாவில் நிலையத்துக்கு எதிரிலேயே காபி குடித்துவிடுங்கள், அப்புறம் ஒன்றும் கிடைக்காது. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், பெருஞ்சாலையில் லாரிகளுக்கு இடப்பக்கம் போகாதீர்கள். ஆளுக்கு நான்கு முழம் சணல் கயிறு, நனைத்துப் போட ஒரு சாக்கு, ஒட்டுப்போடும் சாமான். டயரில் காற்றைக் கெட்டியாக அடித்துக்கொள்ளுங்கள். பாரத்துக்குத் தாங்க வேண்டும். பன்றி யாருடையது என்று காவலாளி கேட்டால் சொல்ல வேண்டிய பதில் உங்களுக்குத் தெரியும். எட்டு சைக்கிள் வேண்டும். இப்போதைக்கு இரண்டு இருக்கிறது. சாலை அழகானது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சரளையின் மேல் காலி கேரியரோடு ஓட்ட எனக்கு இனி வெட்கமாக இருக்கும். உங்களுக்கும் இருக்க வேண்டும்.