ஒரு ‘ப்’ குறைவாக

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒற்றண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வருஷமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறவர். பாடப்புத்தகம், மருந்துப் பெட்டி அட்டை, துண்டு நோட்டீஸ் என்று எது வந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, “இங்க ஒற்று மிகும்யா, இங்க மிகாது” என்று ஆரம்பித்துவிடுவார். பிழை பார்ப்பதே பிழைப்பு என்று மெஷின்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் மனிதர் தங்கம். ஒரு புள்ளி தப்பிப்போனால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவருக்கு வந்தது சோதனை. ஏழு மாதமாக அச்சகத்தில் அரைச் சம்பளம். அந்த நேரம் பார்த்துத்தானா மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வரவேண்டும்! வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவள், ரத்தப்போக்கில் வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் இருபத்து நான்காம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். முந்தின நாளே பாதிப் பணம் கட்டியாகவேண்டும். கட்டாவிட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

பணம் இல்லாமல் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த ஓய்வுக்கால நிதி இருக்கிறது. அறுபது வயதில் எடுக்கவேண்டியது. நோய்நொடி என்றால் முன்னாலேயே எடுக்கலாம் என்று விதியும் இருக்கிறது. விதி இருந்துவிட்டால் போதுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டாமா?

நிதி அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல். டோக்கன் வாங்கிக்கொண்டு, ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து, முதலாளியிடம் முன்னமே கையெழுத்து வாங்கி வைத்திருந்த படிவத்தைப் பிரித்தார். ‘கீழ்கண்ட காரணங்களுல் ஒன்றினை குறிக்கவும்’ என்று அச்சடித்திருந்தது. ஒரே வரியில் மூன்று பிழை! கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வெளியே வந்துவிட்டது. படிவம் முழுக்கப் பதினேழு இடத்தில் திருத்திவிட்டு, அதற்கப்புறம்தான் தன் விவரங்களை நிரப்பினார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் சின்ன வயதுப் பெண். தாளைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“என்ன சார் இது, விண்ணப்பமா, பரீட்சைப் பேப்பரா?”

“தப்பா இருந்துச்சும்மா. இரண்டாம் வேற்றுமை. அங்க ஒற்று மிகும்.”

“ஒற்று மிகுதோ மிகலையோ, அடித்தல் திருத்தல் இருந்தா எடுத்துக்க மாட்டாங்க சார். புதுசா எழுதிட்டு வாங்க. முதலாளி கையெழுத்தும் மறுபடி வாங்கணும்.”

முதலாளியோ வெளியூரில். அவர் வந்து சேர மூன்று நாள் போயிற்று. சூடுபட்ட பூனை அல்லவா, ஒற்றண்ணன் இந்தத் தடவை இரண்டு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிழைகளைப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் போனில் செய்தி வந்தது. பெயர் பொருந்தவில்லையாம், நிராகரித்துவிட்டார்களாம்.

விஷயம் இதுதான். அவர் பெயரின் நடுவில் ஒரு ‘ப்’ உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் எந்தப் புண்ணியவானோ அதை விட்டுவிட்டுப் பதிந்திருந்தான். வருஷாவருஷம் வரும் கணக்குச் சீட்டில் அவரும் அந்த ‘ப்’பைச் சிவப்பில் போட்டு, தன் செலவில் தபால்தலை ஒட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மறுநாள் காலையில் மறுபடியும் மூன்றாம் ஜன்னல்.

“பேரை மாத்தத் தனி விண்ணப்பம் சார். மூணு மாசம் ஆகும்.”

“மூணு மாசமா? அதுவரைக்கும் என் சம்சாரம் என்னம்மா பண்ணுவா? இது என் காசு. நான் உழைச்ச காசு. என் பேரு எனக்குத் தெரியாதா?”

குரல் உடைந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். உங்க சம்பளம் வர்ற பேங்க் கணக்கும் இதே பேர்லதான் இருக்கு. பதிவுல எப்படி இருக்கோ அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மூணு நாள்ல பணம் வந்துடும். முன்னாலயே எடுக்கறதால பத்துல ஒரு பங்கு பிடிப்பாங்க. அறுபதுல உங்களுக்குப் பெருசா எதுவும் மிஞ்சாது. தெரியும்ல?”

“தெரியும்மா.”

மிச்சமிருந்த ஒரே தாளோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தினவர், தெரிந்தே தன் பெயரைத் தப்பாக எழுதவேண்டும்! வெட்கமாகத்தான் இருந்தது, கோபமாகவும் இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். நடுவில் வந்ததும் கை பழக்கத்தில் ‘ப்’புக்குப் போயிற்று. நூலிழையில் பேனாவைத் தூக்கிவிட்டார். எழுதியிருந்தால் தாளும் போச்சு, இருபத்து நான்காம் தேதியும் போச்சு. அதைத் தாண்டி அடுத்த எழுத்தை எழுதினார். கையெழுத்தும் அப்படியே.

அலுவலர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“இப்பதான் சார் சரியா இருக்கு.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் போன் சிணுங்கியது. மனைவிதான் எடுத்துப் படித்தாள்.

“ஏங்க, பணம் வந்துடுச்சுங்க!” என்றவள், அடுத்த நொடியே குரலை இறக்கினாள். “ஐயய்யோ, இதுலயும் அந்த ‘ப்’ இல்லையே. பார்த்துட்டுக் கத்தாதீங்க.”

அவர் போனைக் கையில்கூட வாங்கவில்லை.

“இருந்துட்டுப் போகட்டும், விடு. ஆஸ்பத்திரி கவுன்டரை அடைக்கறதுக்குள்ள நான் போய்க் கட்டிட்டு வந்துடறேன்.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். எழுத்து விஷயத்தில் அவர் வாயிலிருந்து ‘விடு’ என்று அவள் கேட்டதே இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.