தாய்ச்சபைக்குக் கொண்டுபோன துணி

கருக்கன்விளைச் சபையில் செல்லபாய் டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. டீச்சர் என்றதும் பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளி டீச்சர். சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, அதிகாரம் மட்டும் எக்கச்சக்கம். வசனம் ஒப்பிக்காத பிள்ளையை அவள் அடிக்க மாட்டாள். ஆராதனை முடிகிறவரை முன்பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அதற்கு நாலு அடி வாங்கிவிட்டுப் போகலாம் என்றிருக்கும். இன்று மஸ்கட்டிலும் தோஹாவிலும் தொப்பை வைத்துக்கொண்டு திரிகிற ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பெஞ்சில் இருந்து எழும்பியவர்கள்தான்.

புருஷன் செல்வதாஸ் தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். மிச்சம் ஒரே மகள், பெமிலா. அவள் கையில் மைக்கைக் கொடுத்தால் போதும், வேதத்தில் இருக்கிற நீளமான சங்கீதத்தைப் புத்தகம் பாராமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். டீச்சருக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வசனப் போட்டியில் மகள் வாங்கிய கப்புகளை ஷோகேஸில் வைத்து, வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியையும் திருப்பிப் போட்டிருந்தாள்.

இனி அந்தத் தாய்ச்சபை சமாச்சாரத்தைச் சொல்லிவிட வேண்டும். கருக்கன்விளைக் கோயிலைக் கட்டியவர் ஹார்ப்பர் ஐயர். வெள்ளைக்காரர்தான். மிஷனெரிமார் எல்லோரையும் ஐயர் என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த சபைதான் அவரைக் கப்பலேற்றி அனுப்பியது. அதனால் அது தாய்ச்சபை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொது ஜெபத்தில், மழைக்காக வேண்டிய பிறகு, நோயாளிகளின் பேரைச் சொல்வதற்கு முன்பு, ஒரு வரி வரும்: “எங்களுக்கு ஒளியை அனுப்பித் தந்த தாய்ச்சபையை நினைத்தருளும். அதன் விளக்கு அணையாமல் காத்தருளும்.” ஓட்டுக்கூரை போய்க் கான்கிரீட் வந்தது. ஆர்மோனியம் போய்க் கீபோர்டு வந்தது. பாஸ்டர்மார் எத்தனையோ பேர் வந்து மாற்றலாகிப் போனார்கள். அந்த வரியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. சொல்கிறவரும் யோசித்துச் சொல்வதில்லை, ஆமென் போடுகிறவர்களும் யோசித்துப் போடுவதில்லை. பல் தேய்ப்பதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பெமிலா நர்சிங் படித்து, சிஜோவைக் கட்டி, இரண்டு பேருமாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு வேலை கிடைத்த ஆஸ்பத்திரி அந்தத் தாய்ச்சபை ஊருக்குப் பக்கத்தில் என்று தெரிந்ததும் சபையில் கையடிக்காத குறைதான். அவளுக்குப் பிள்ளை பிறந்து, பார்த்துக்கொள்ள டீச்சர் புறப்படுகிறாள் என்றதும், பெண்கள் சங்கச் செயலாளர் ஜெபகுமாரி சும்மா இருப்பாளா? பீடத்தில் விரிக்க ஒரு வெள்ளைத்துணி நாமே தைத்து அனுப்புவோம் என்று தீர்மானம் போட்டுவிட்டாள். திராட்சைக்குலையும் கோதுமைக்கதிரும் ஓரம் முழுக்க வந்தன. கண் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஊசி பிடித்தார்கள். அடுத்தவள் போட்ட தையலை ஜெபகுமாரி பிரித்துத் திரும்பப் போட்டதில் இரண்டு பேர் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

“அக்கா, பீடத்துல விரிச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும் கேட்டியளா? ஐயருக்க ஞாபகார்த்த ஞாயிறுக்கு அதப் பெருசாட்டு பிரிண்ட் போட்டு கோயில்ல மாட்டணும்” என்று ஜெபகுமாரி பஸ் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

போய் இறங்கிய டீச்சர் மறுநாளே கேட்டாள். “குளிரு கொறையட்டும்மா” என்றாள் பெமிலா. குளிர் குறைந்தது. “இந்த ஞாயிறு எனக்கு டூட்டி.” அடுத்த ஞாயிறு பிள்ளைக்குச் சளி. அதற்கடுத்த ஞாயிறு காரில் ஏதோ கோளாறு. இப்படியே போனால் துணி பெட்டியிலேயே மடிப்பு விட்டுப்போகும் என்று ஒரு ஞாயிறு காலை டீச்சர் தானே கிளம்பிவிட்டாள். பெமிலா டூட்டிக்குப் போயிருந்தாள். சிஜோ பிள்ளையை வைத்திருந்தான். பஸ் நம்பரை அவனிடம் நைசாகக் கேட்டு வைத்துக்கொண்டு, வெள்ளைச் சேலை கட்டி, மேலே கம்பளிக் கோட்டு மாட்டி, வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் துணியும் பையில் வைத்து, அந்நிய ஊரில் தனியாகப் பஸ் ஏறினாள். தைரியசாலிதான், சும்மா சொல்லக்கூடாது.

கோயில் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. கருக்கன்விளைக் கோயிலின் அதே முகப்பு, அதே கூரான ஜன்னல்கள். அதைப் பார்த்ததும் டீச்சர் நடையை எட்டிப் போட்டாள். நம்மூர் வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றினாள். கல் தரை காலைக் கடித்தது. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரே பிள்ளைகள்! டீச்சர் ஆயுசில் அத்தனை பிள்ளைகளைக் கோயிலுக்குள் பார்த்ததில்லை. ஆனால் பெஞ்சுகளைக் காணவில்லை. சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டிகள் பதித்திருந்தன. இடுப்பில் கயிறு கட்டிய பிள்ளைகள் அதைப் பிடித்துப் பிடித்துக் கூரை வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேதத்தில் யாக்கோபு கனவில் கண்ட, வானத்தை எட்டுகிற ஏணியை நாடகமாகப் போடுகிறார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அட, இதல்லவா ஓய்வுநாள் பள்ளி, நாமும் ஊரில் போய் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று அவளுக்குப் புல்லரித்தது. உட்கார இடம் தேடி, ஓரமாகக் கிடந்த ஒரு மெத்தையில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் வெறுங்காலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, கால் அளவு என்ன என்று கேட்டாள். ஏறுவதற்கு ஷூ எடுத்துத் தருவாளாம். டீச்சர் தெரிந்த இங்கிலீஷில், ஆராதனை எப்போது என்று கேட்டாள். அந்தப் பெண் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். இது இப்போது கோயில் இல்லை. சுவரேறிப் பழகுகிற இடம். ஆள் வரத்து நின்றுபோய், சபையைக் கலைத்து, கட்டடத்தை விற்று வெகுகாலம் ஆகிறது. அவள் இங்கே வேலைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது.

பீடம் இருந்த இடத்தில் காப்பிக்கடை. அதற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சலவைக்கல்லை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். ஹார்ப்பர் ஐயரின் பெயர். இந்தியாவில் தேவ ஊழியம் செய்தவர். கல்லைச் சுற்றிலும் பச்சைக் கட்டிகள். டீச்சர் அந்தக் கல்லில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டுக்கு மிகவும் பிந்தி வந்து சேர்ந்ததுபோல இருந்தது அவளுக்கு. அந்தப் பெண் ஒரு டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நல்ல பிள்ளை, எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபோது பெமிலா டூட்டி முடிந்து வந்து பால்குப்பி கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஒனக்குத் தெரியுமா?”

“வந்த மாசமே தெரியும்மா.”

“பின்ன ஏன் சொல்லல்ல?”

“சொன்னா, நீ எந்தக் கோயிலுக்குப் போறேண்ணு அடுத்தால கேப்பிய.”

“நீ எந்தக் கோயிலுக்குப் போற?”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பெமிலா அதை அடைத்துவிட்டுத் திரும்பினாள். “எங்கயும் இல்லம்மா. யாருட்டயும் சண்ட ஒண்ணும் இல்ல. டூட்டி கழிஞ்சு வந்து ஒரு வாரம் ஒறங்கினேன். அடுத்த வாரமும் ஒறங்கினேன். பொறவு பாத்தா, போகாததுல எனக்கு ஒண்ணும் தோணல்ல. தோணல்லியேண்ணு கொஞ்சநாள் பயமாட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல.”

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் டீச்சர் பதிலுக்கு நாலு வசனம் எடுத்து வீசியிருப்பாள். இப்படி அமைதியாகச் சொன்னால் என்ன செய்ய? ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் பெஞ்சில் பிடித்து உட்கார வைத்தோமே, நம் பிள்ளை நழுவியது தெரியாமல் போயிற்றே என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள். ஆனாலும் மறுநாள் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள், மீன்குழம்பு வைத்தாள், அதைப் பற்றி மகளிடம் திரும்ப வாயைத் திறக்கவில்லை.

ஜெபகுமாரி விடுவாளா? பெண்கள் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை வணக்கத்தோடு “போட்டோ எப்போ அக்கா?” என்று வந்துகொண்டே இருந்தது. பதில் சொல்ல வழியில்லாமல் டீச்சர் ஒருநாள், “கோயிலில் பராமரிப்பு வேலை நடக்கிறது” என்று போட்டுவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறே ஜெபகுமாரி அதைப் பாஸ்டர் பெனிஷிடம் சொல்ல, அவர் தாய்ச்சபை புதுப்பிக்கப்படுவதற்காகக் கோயிலில் ஸ்தோத்திரம் ஏறெடுத்துவிட்டார். சபையே எழுந்து நின்று ஆமென் போட்டதாம். கேட்ட டீச்சருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாபகார்த்த ஞாயிறுக்குச் சரியாக டீச்சர் ஊர் வந்து சேர்ந்தாள், துணியும் அவள் பெட்டியிலேயே வந்து சேர்ந்தது. பிரசங்கம் முடிந்ததும், தாய்ச்சபையின் வாழ்த்துதலைச் செல்லபாய் டீச்சர் கூறுவார் என்று பாஸ்டர் அழைத்தார். அவருக்கு வயது முப்பதுகூட இருக்காது, முகமெல்லாம் சிரிப்பு.

டீச்சர் பீடத்துப் பக்கம் போய் நின்று சபையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் முன்பெஞ்சில் முதுகு காட்டி இருந்தவளுக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. பாதிப் பெஞ்சு காலி. ஆளில்லாத பெஞ்சுகளுக்கு மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. இருந்தவர்களில் முக்கால்வாசி நரைத்த தலை. அவளுடைய முன்பெஞ்சில் அன்று ஒரு பிள்ளைகூட இல்லை. தாய்ச்சபையிலும் ஒருநாள் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நினைத்தாள்.

பையிலிருந்து துணியை எடுத்து விரித்துப் பிடித்தாள். “இத நான் அங்க விரிக்கல்ல. விரிக்கியதுக்கு பீடம் இல்ல. அந்தக் கோயில வித்து ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப அங்க பிள்ளேளு கயிறு கட்டிச் செவுரு ஏறி வெளையாடுதுவ.”

ஜெபகுமாரிதான் முதலில் எழுந்தாள். “நீங்க வேல நடக்குண்ணு சொன்னியளே அக்கா?”

“பொய் சொன்னேன்.”

“பெமிலா அடுத்த ஊருலதான இருக்கா? அவளாவது சொல்லியிருக்கலாமே?”

அவளுக்கும் தெரியாது என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. யாரும் ஆள் அனுப்பி விசாரிக்கப் போவதில்லை. ஷோகேஸில் இருக்கிற கப்புகளுக்கும் ஒரு கேடும் வராது. டீச்சரின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. எதிரே காலியாகக் கிடந்த முன்பெஞ்சைப் பார்த்தாள்.

“அவளுக்குத் தெரியும். சொன்னா, ‘நீ எந்தக் கோயிலுக்குப் போற’ண்ணு நான் கேப்பேனேண்ணு பயந்துட்டு சொல்லல்ல. எனக்க மவ கோயிலுக்குப் போறதில்ல, ஜெபகுமாரி. அங்கயும் இல்ல, எங்கயும் இல்ல. ஒங்க பிள்ளேளுக்கெல்லாம் வசனம் படிச்சுக் குடுத்தவ பெத்த பிள்ள.”

ஜெபகுமாரியின் வாயை அறிந்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் நின்றபடியே, “எனக்க மவன் ஸ்டெனியும் போறதில்ல அக்கா” என்றாள். “துபாயில வீட்டுக்குப் பக்கத்துலதான் கோயிலு. லைவ்ல பாக்கேம்மாண்ணு சொல்லுவான். லைவு அதுபாட்டுக்கு ஓடும், அவன் பாட்டுக்கு ஒறங்குவான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கோயிலே சிரித்தது. சிரித்துக்கொண்டே பல பேர் கண்ணைத் துடைத்ததை டீச்சர் பார்த்தாள்.

பாஸ்டர் பொது ஜெபத்தைத் தொடங்கினார். மழைக்கான வேண்டுதல் வந்தது, போயிற்று. “எங்களுக்கு ஒளியை அனுப்பித் தந்த...” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பாஸ்டர், அந்த எடத்த வெறுமன விடாண்டாம்” என்றாள் ஜெபகுமாரி, கண்ணைத் திறக்காமலே. “நம்ம பிள்ளேளச் சொல்லுங்க.”

அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். தூரதேசங்களில் இருக்கிற எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும், அவர்கள் விளக்கு அணையாமல் காத்தருளும் என்று. அன்றைய ஆமென் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஒவ்வொருவரும் யோசித்துச் சொன்னார்கள்.

சாயங்காலம் பெமிலா வீடியோ காலில் வந்தாள். “சொன்னியளா?”

“சொன்னேன்.”

“என்னப் பத்தியுமா?”

“ஒன்னப் பத்தியும்தான்.”

“அய்யோ! ஊருல எனக்க மானம் போச்சு.”

“போனா போட்டு. நூறு வருஷத்துக்கு மேல அந்த ஊருக்கு வேண்டி ஜெபிச்சோம் மக்ளே. அவிய பூட்டிட்டுப் போயிட்டாவ. இனி ஞாயித்துக்கிழமதோறும் அந்த எடத்துல ஒங்களுக்கு வேண்டி ஜெபிக்கப் போறோம். நீங்க என்ன செய்வியளோ, எனக்குத் தெரியாது. எங்களுக்கு நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான்.”

திரையில் பெமிலாவின் முகம் பாதிதான் தெரிந்தது. “அந்தத் துணிய என்ன செய்தியம்மா?”

“நம்ம பீடத்துல விரிச்சாச்சு. அளவு கூடிப்போச்சு. ஒரு பக்கம் தரையில கெடக்கு. ஜெபகுமாரி மடிச்சுத் தைக்கணும்ணு நிக்கா, நான் சம்மதிக்கல்ல.”

“அம்மா...” என்றாள் பெமிலா. “அத ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.”

“அனுப்புகேன்” என்றாள் டீச்சர். “இப்ப போய்ப் பிள்ளையத் தூக்கு. அழுகான்.”