சென்னையா, கொல்கத்தாவா: முருகன் கொடுத்த செவ்வரளி

போன ஆனி மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என் ஒரே பெண் சுபாவுக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று சென்னையில், இன்னொன்று இங்கே கொல்கத்தாவில். கொண்டாட வேண்டிய சமயம். ஆனால் அவள் முகத்தில் ஈயாடவில்லை. எது வேண்டும் என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்க" என்பாள். லேப்டாப்பைத் திறப்பாள், மூடுவாள். பென்சிலைச் சீவிச் சீவி வைப்பாள், ஒரு கோடு போட மாட்டாள்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். என் கணவர் லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வீடு லேக் கார்டன்ஸில். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து ஊர், ஊர் என்று சொல்லியே காலத்தைத் தள்ளியவள் நான். அதனால் எனக்குச் சென்னைதான். அங்கே என் அண்ணன் இருக்கிறார். பெண் நல்ல தமிழ் பேசப் பழகுவாள், பின்னாலேயே நாங்களும் போய்விடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். அண்ணன் மாடி அறைக்குப் பெயிண்ட்கூட அடித்துவிட்டார். நானும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. என் கணவர் மட்டும், "பிள்ளைகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

கேட்டால்தான் அவள் சொல்ல மாட்டேன் என்கிறாளே! என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பருப்பு அடிபிடித்தது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். தினமும் விளக்கேற்றி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்: "முருகா, என் பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு எனக்குக் காட்டு." கடைசியில், "அது சென்னையா இருந்தா நல்லது" என்று மெதுவாகச் சேர்த்துக்கொள்வேன். அவனோடு சண்டையும் போட்டேன். ஒரு பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறினவனுக்குப் பெற்றவள் பாடு தெரிய வேண்டாமா?

இடத்தை உறுதிசெய்ய மறுநாள்தான் கடைசி என்ற நிலை வந்தது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே சுபாவை முருகன் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். செவ்வரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை இன்னொன்றிலும் மடித்து, நூல் சுற்றி, சந்நிதியில் போட வேண்டும். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பூவுக்கு என்ன பதில் என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. சிவப்பு வந்தால் சென்னை என்று நினைத்துக் கண்ணை மூடினேன். பக்கத்தில் சுபாவும் கண்ணை மூடினாள்.

சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். செவ்வரளி!

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் சுபாவும் அழுகிறாள். சிரித்துக்கொண்டே அழுகிறாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அப்படியொரு முகத்தை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

வெளியே வந்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, முருகன் சொல்லிட்டான். சுபா சென்னைக்குத்தான் வாரா!"

சுபா அப்படியே நின்றுவிட்டாள். "சென்னையா?"

"சிவப்புதான வந்துச்சு?"

"நான் சிவப்புன்னா கொல்கத்தான்னு நெனச்சேன்மா."

போனை வைத்துவிட்டேன். இப்படியும் ஒரு கூத்து நடக்குமா? இது என்ன விளையாட்டு முருகா என்று எரிச்சலாக வந்தது. மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று திரும்பினால் நடை சாத்திவிட்டார்கள். தூறல் வேறு. ஒரு டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினோம்.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன கேட்டேன்? பிள்ளை மனசைக் காட்டு என்றுதானே கேட்டேன்? காட்டிவிட்டானே! சந்நிதியில் அவள் சிரித்த சிரிப்பை இந்தக் கண்ணாலேயே பார்த்தேனே!

"ஏம்ட்டி இத்தன நாளா வாயத் தொறக்கல?"

"ஷோனோ மா...", கேளும்மா, என்று ஆரம்பித்தாள். அழுகை வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும். பிறகு தமிழுக்கு வந்தாள். "மாமா பெயிண்ட் எல்லாம் அடிச்சாச்சு. சென்னைன்னு சொன்னாலே உன் முகம் எவ்ளோ சந்தோஷமா ஆகுது. அத எப்படிம்மா கெடுக்கறது? பெஹாலாவுல ட்யூஷன் போற வழியில பழைய வீடெல்லாம் இடிக்கிறாங்கல்ல? இடிக்காம அத எப்படிக் காப்பாத்தலாம்னு நான் படிக்கணும். இங்க இருந்துதான் படிக்கணும். அது உன் ஊரு. இது என் ஊரும்மா."

வலித்தது, பொய் சொல்லவில்லை. நான் கட்டிய கோட்டை அந்த டீக்கடை வாசலிலேயே சரிந்துவிட்டது. ஆனால் இத்தனை நாள் இருந்த படபடப்பும் அங்கேயே நின்றது. அன்று மாலையே கொல்கத்தா இடத்தை உறுதிசெய்தோம். என் கணவர் "அப்பாடா" என்றார். அண்ணன்தான் கோபித்துக்கொண்டார். புதுப் பெயிண்ட் அடித்த அறையில் நானே வந்து பத்து நாள் தங்குகிறேன் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சுபா பழைய வீடுகளை அளக்கப் போனால், டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது நான்தான். கை கொஞ்சம் தளர்ந்தால் திட்டு விழும். போன மாதம் பெஹாலாவில் ஒரு வீட்டம்மா டீ கொடுத்து, நீங்கள் எந்த ஊர் என்று வங்காளத்தில் கேட்டார். திருநெல்வேலி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். லேக் கார்டன்ஸ் என்று வந்துவிட்டது. சுபா டேப்பைக் கீழே விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

எனக்கு இரங்கிய முருகனுக்கு ஆயுசுக்கும் நன்றி. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தால், பாரத்தை அவனிடம் இறக்கி வையுங்கள். நீங்கள் ஆசைப்பட்டபடியே நடத்துவான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காதில் வாங்காமல் விடமாட்டான். பூவைப் பிரிக்கும்போது மட்டும், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.